குன்னூர்: பெரம்பூரிலிருந்து புறப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையிலும் பூஜை விடுமுறையிலும் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து நீலகிரிக்குப் புறப்படுகிறவர்கள் உண்டு. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; என் மனைவியின் அக்கா குடும்பம் குன்னூரில் இருப்பதால் அந்த ஊரில் பலமுறை தங்கியும் இருக்கிறேன். அதனால் டிக்கெட் எடுத்த கையோடு என்னிடம் வந்து விசாரிப்பது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர் ஊட்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். குன்னூர் என்றால் வண்டி நிற்கும்போது டீ குடிக்கும் இடம் என்ற அளவில் நினைவு வைத்திருப்பார்கள். அந்த ஊருக்கு அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

குன்னூர் சரியாக எங்கே இருக்கிறது?

நீலகிரி என்பது தனித்தனிச் சிகரங்களின் வரிசை அன்று. சுற்றிலும் செங்குத்தாக இறங்கும் சரிவுகளைக் கொண்ட ஓர் உயர்ந்த மேட்டுநிலம். அந்த மேட்டுநிலத்தின் தென்கிழக்கு விளிம்பில், சமவெளியை நோக்கிப் பள்ளத்தாக்கு திறக்கும் வாயில் குன்னூர் அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து சாலை வழியே 34 கிலோமீட்டர் ஏறினால் குன்னூர், அங்கிருந்து இன்னும் 19 கிலோமீட்டர் போனால் ஊட்டி.

ஊட்டி மேட்டுநிலத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, குன்னூர் அதன் ஓரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும். சாலை அங்கே வந்ததற்கும், மலை ரயிலின் பல்சக்கரப் பாதை அங்கே முடிவதற்கும், மழை பெய்யும் காலத்திற்கும், தேயிலை செழிப்பதற்கும், மண் சரிவதற்கும் அந்த ஓரமே காரணம். பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் ஆகியவை கீழ்க் குன்னூரில் ஆற்றங்கரையை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. பெட்ஃபோர்டும் சிம்ஸ் பூங்காவும் மேல் குன்னூர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சிப் பகுதியில் வாழ்பவர்கள் சுமார் 45,000 பேர். நம் பக்கத்து ஓரிரு வார்டுகளுக்குள் அடங்கிவிடக்கூடிய மக்கள்தொகைதான்.

ஜூலையில் ஊட்டியைத் தாண்டி நல்ல மழை என்கிறார்கள், குன்னூரில் அவ்வளவு இல்லை என்கிறார்கள். இது எப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கத்துச் சரிவுகளில் மோதி, தன் ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. தொட்டபெட்டாத் தொடரைக் கடந்து கிழக்கே வரும்போது அதில் மிச்சம் இருப்பது குறைவு. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குன்னூரில் மேகமும் தூறலும் இருக்கும். கொட்டித் தீர்க்கும் மழை குறைவு. குன்னூரின் பெருமழைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று தமிழகச் சமவெளி முழுவதையும் கடந்து, மேலே ஏற வழி தேடும்போது முதலில் எதிர்ப்படும் சுவர்களில் ஒன்று குன்னூர்ச் சரிவு.

அதாவது நமக்கும் அவர்களுக்கும் மழை ஒன்றுதான். காசிமேட்டில் படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும் நாட்களில், வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாட்களில், குன்னூரிலும் மக்கள் மலையைப் பார்த்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருப்பார்கள். நமக்குத் தண்ணீர் வடியாதது துன்பம், அவர்களுக்கு அது மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வடிவது துன்பம். 1993 நவம்பரில் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே ஏற்பட்ட நிலச்சரிவு சாலையையும் அதில் இருந்தவர்களையும் கொண்டுபோனது. 2009 நவம்பரில் குன்னூருக்கு அடுத்த கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தச் சில நாட்களில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், மலை ரயில் பாதை பல இடங்களில் அறுந்துபோனது. என் மைத்துனி வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி அப்போது வந்து நின்ற சேற்றின் தடம் இடுப்புயரத்தில் இன்னும் தெரிகிறது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோட்டிற்குக் கீழே வண்ணம் பிடிப்பதில்லை.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அங்கே ஊர் இருந்ததா?

மலை வெறுமையாகக் கிடந்தது, ஆங்கிலேயர் வந்து கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். தோடர்கள் எருமை மேய்த்தார்கள். கோத்தர்கள் இரும்பு, மட்பாண்டத் தொழில்களைச் செய்தார்கள். குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் வாழ்ந்தார்கள். படுகர்கள் வேளாண்மை செய்து ஹட்டி எனப்படும் ஊர்களில் வாழ்ந்தார்கள். இவர்களுக்குள் பாலும் தானியமும் கருவிகளும் தேனும் மாறிக்கொள்ளும் முறை இருந்தது. குன்னூரைச் சுற்றியிருக்கும் படுகர் ஹட்டிகள் இன்றும் அதே இடங்களில் இருக்கின்றன. ஊர்ப்பெயரைக் குன்று, ஊர் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். ஊருக்கு எதிரே துருக்கம் என்று குறிக்கப்படும் பக்காசுரன் மலையின் மேல் ஒரு பழைய கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. திப்பு சுல்தான் காலத்தில் அது சமவெளியைக் கண்காணிக்கும் காவல் இடமாகப் பயன்பட்டது.

அப்படியானால் இன்றைய நகரம் எப்போது உருவாயிற்று?

ஒரு சாலையோடு உருவாயிற்று. 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலை ஏறியபோது வந்த வழி கோத்தகிரிப் பக்கத்து வழி. அவர் முதலில் தங்கியதும் கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில்தான். 1820-களில் ஊட்டியில் அவர் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் ஏறுகிறவர்கள் அந்த வழியையே நம்பியிருந்தார்கள். அப்போது குன்னூருக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்ப் பள்ளத்தாக்கு வழியே நேராக ஏறும் பாதை வெட்டப்பட்டது. அதற்குப் பிறகு போக்குவரத்து மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பிற்று. மாட்டுவண்டி ஏறத்தக்க சரிவோடு புதிய மலைச்சாலை பின்னர் போடப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்வையிட்டவர் மேஜர் லா; வழியில் தெரியும் லாஸ் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்கியது. சாலை வந்ததும் சத்திரம், சந்தை, குடியிருப்பு என ஊர் வளர்ந்தது. குன்னூரின் மக்கள் யார் என்பதற்கும் அந்தச் சாலையே விடை: கோவை, சேலம், மைசூர், மலபார்ப் பக்கங்களிலிருந்து கல் உடைக்கவும், சுமை தூக்கவும், கடை வைக்கவும் ஏறிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சித்திரையில் தந்தி மாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தக் கலவை முழுவதையும் ஒரே தெருவில் பார்க்கலாம்.

மலை ரயிலில் என்ன அதிசயம்? ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை முடியும் உதகமண்டலம் 2,203 மீட்டர். நடுவே 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள். இந்தப் பாதைக்கான முதல் யோசனை 1854-இல் எழுந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856 ஜூலையில். அதாவது நம் ராயபுரத்தில் வண்டி ஓடத் தொடங்கும் முன்பே நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள்! ஆனால் வேலை தொடங்கியது 1891-இல். ஒரு நிறுவனம் பணமில்லாமல் கலைந்து, மற்றொன்று எடுத்து நடத்தி, 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடிற்று. அங்கிருந்து ஊட்டி வரை நீட்டி முடிக்க 1908 அக்டோபர் ஆயிற்று. அந்த ஒன்பது ஆண்டுகளும் குன்னூர்தான் கடைசி நிலையம். ஊட்டிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஊர் வணிகத்தில் தலையெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லாறு நிலையத்தைத் தாண்டியவுடன் கீழே பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, அவற்றைவிடச் சற்று உயரத்தில், ரம்பம் போன்ற பற்களுடைய இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே ஓடும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும்படி பொருத்தியிருப்பார்கள். இஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும் முன் அடுத்ததைப் பிடித்திருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆப்ட் வகுத்த முறை இது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமையான இடங்களில், ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் உயரம் ஏறியிருக்கும். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். இஞ்சினில் நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்): கீழே உள்ள இரண்டும் வழக்கமான சக்கரங்களைச் சுழற்றும், அவற்றில் வேலை செய்து முடித்த நீராவியே மேலே உள்ள இரண்டு உருளைகளுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரு துளி ஆவியையும் வீணாக்காத அந்த ஏற்பாட்டை முதல்முறை நின்று பார்த்தபோது, தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

இஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒரு வேளை இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் இஞ்சின்மேல் சாய்ந்து நிற்குமே தவிர, தனியே கீழே ஓடிவிட முடியாது. ஆனால் பின்னால் இருக்கும் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. அதற்காக ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துத் தாமும் காட்ட, அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி இஞ்சினை அடைகிறது. மழைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு கை பிரேக் சக்கரத்திலும் மறு கை கொடியிலுமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும் அந்த மனிதர்களை மறைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள் என்று எங்கள் தெருப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லி அனுப்புகிறேன்.

குன்னூரோடு பல்பட்டை முடிந்துவிடுகிறது. அங்கே நீராவி இஞ்சினைக் கழற்றி டீசல் இஞ்சினை மாட்டுவார்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக மீதிப் பயணம். 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அந்தப் பெட்டிகளுக்கும் நம் ஐ.சி.எஃப்.-க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1955-இல் தொடங்கப்பட்ட நம் தொழிற்சாலை, அகலப்பாதைப் பெட்டிகளுக்குப் பெயர்போனது என்றாலும், அண்மை ஆண்டுகளில் நீலகிரி மலை ரயிலுக்கென்றே மீட்டர் கேஜில் சிறிய புதிய பெட்டிகளைச் செய்து அனுப்பியது. இஞ்சின்களைப் பொறுத்தவரை பெருமை திருச்சி பொன்மலைப் பணிமனைக்குரியது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய இஞ்சின்களின் மாதிரியில் புதியவற்றை அவர்கள் கட்டிக் கொடுத்தார்கள்.

நாய்க்கடி ஊசி குன்னூரிலிருந்துதான் வந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். உண்மையா?

பாட்டி சொன்னது சரி. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடிக்கு உரிய சிகிச்சை தென்னிந்தியாவில் கிடைக்காமல் இறந்துபோனார். அப்போது அந்தச் சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்திலுள்ள கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மரணத்துக்குப் பின் எழுந்த கோரிக்கையாலும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் அளித்த நன்கொடையாலும் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அது செம்மறியாட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்து. அதைப் பல பத்தாண்டுகள் தயாரித்துத் தந்த இடங்களில் குன்னூர் ஒன்று. குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே தயாராகி நாட்டின் பல பகுதிகளுக்குப் போயிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று என் மூத்த மகனுக்குப் போட்ட மருந்துப் புட்டியில் குன்னூர் என்ற பெயரை முதன்முதலாகப் படித்தேன். ஊரைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அதே நிறுவனத்தின் ஓர் அறையில், 1918-இல், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தவிட்டை முழுதும் நீக்கித் தீட்டிய அரிசியைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் அந்த நோய் வருகிறது என்பது அவர் முன்னிருந்த கேள்வி. அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சோற்றை அடிப்படை உணவாகக் கொண்ட நம் எல்லோருக்கும் வேண்டிய ஆய்வு தொடங்கிய இடம் என்று குன்னூரில் ஒரு பெரிய பலகை வைக்கலாம்.

வெலிங்டனும் அருவங்காடும் தனி ஊர்களா?

குன்னூரை ஒட்டியவை. ஜகதளா என்ற படுகர் ஊரின் அருகே 1850-களில் கட்டப்பட்ட படைமுகாமுக்குப் பின்னர் வெலிங்டன் என்று பெயரிட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் அங்கே உள்ளன. ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழித்து 2008-இல் வெலிங்டனில் காலமானார். அருவங்காட்டில் இருப்பது கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை. 2021 டிசம்பர் 8 அன்று தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது காட்டேரி என்ற ஊருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில். போர்வையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள்.

டீத்தூள் அங்கே வாங்கினால் நல்லதா?

நல்லதுதான், ஆனால் நம் தெருமுனை டீக்கடையில் நாம் குடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து மலைத் தூளாக இருக்கக்கூடும். தோட்ட உரிமையாளர்களின் சங்கமான உபாசி 1893-இல் தொடங்கியது. அதன் தலைமையகம் குன்னூரில். 1963 முதல் தேயிலை ஏலமும் அங்கே நடக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய பச்சை இலையை இரவு முழுதும் வாடவைத்து, உருளைகளில் நசுக்கிச் சுருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, சூடான காற்றில் உலர்த்தி, சலித்துப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். சலிப்பில் மிக நுண்ணியதாக விழும் டஸ்ட் ரகம்தான் டீக்கடைக்கு வருகிறது. கொதிநீர் பட்டவுடன் நிறமும் கடுப்பும் இறங்குவது அதில்தான்.

சுற்றுலா போகிறவர்கள் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இலையைக் கொடுத்தவர்களைப் பார்ப்பதில்லை. நீலகிரித் தேயிலையின் பெரும்பங்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் நிலத்திலிருந்து வருகிறது. பச்சை இலைக்குக் கிடைக்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு. இன்னொரு பகுதி தொழிலாளர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அவற்றை நடத்தும் டான்டீயின் தலைமையிடமும் குன்னூர்தான். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய வியாசர்பாடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் ஊரையும் வேலையையும் விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கிறார்கள், அங்கே கொழுந்து பறிக்கிறார்கள்.

சிம்ஸ் பூங்கா பார்க்க வேண்டிய இடமா?

பார்க்கலாம். 1874-இல் அமைக்கப்பட்டது; சுமார் 12 ஹெக்டேர். மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கும். பூங்காவைவிட எனக்குப் பிடித்தது மலைப்பாதையில் உள்ள பர்லியார்; பருவத்தில் போனால் மங்குஸ்தானும் துரியனும் சாலையோரத்திலேயே கிடைக்கும்.

எப்போது போவது? எப்படிப் போவது?

சென்ட்ரலிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயில் ஏழு மணி வாக்கில் அங்கிருந்து கிளம்பும். மலை ரயிலுக்கு முன்பதிவு இல்லாமல் போவது வீண். சொந்த வண்டியில் போகிறவர்கள், 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) விதி அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தெளிவானவை. லேம்ப்ஸ் ராக், டால்ஃபின் நோஸ் முனைகளில் நின்றால் அப்போதுதான் சமவெளி தெரியும்; எதிர்ச் சரிவில் கேத்தரின் நீர்வீழ்ச்சியும் தெரியும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு போக வேண்டாம் என்றே சொல்வேன். போய்த்தான் ஆக வேண்டுமென்றால், புயல் சின்னம் என்று நமக்குச் செய்தி வந்த அன்று மலை ஏறாதீர்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் கடக்க வேண்டாம். 2023 செப்டம்பர் இறுதியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தது மாலை வேளையில்தான். இருட்டிவிட்டால் மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறுங்கள். இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரிலேயே வையுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.